பசியை அடக்குவது எது? லெப்டின் ஓமோனும் மூளையும்

மாணவர்களே, ஒரு விலங்கு கொழுத்திருப்பதற்குக் காரணம் கேட்டால், “அளவுக்கு மிஞ்சி உண்பதால்” என்று எழுதிவிடுவீர்கள். இது அரைகுறை விடை. அது ஏன் அளவுக்கு மிஞ்சி உண்கிறது என்பதையும் விளக்க வேண்டும்.

1949 இல் ஐக்கிய அமெரிக்காவின் ஜக்சன் ஆய்வுகூடத்தில், தீராப் பசியுடைய சுண்டெலிகள் சில பிறந்தன. இவற்றின் நிறை சாதாரண சுண்டெலியின் நிறையைப் போல் ஏறத்தாழ மூன்று மடங்காகியது. ஒரு பரம்பரையலகில் ஏற்பட்ட விகாரமே இதற்குக் காரணம். பின்னர் வேறொரு பரம்பரையலகு பழுதடைந்த இன்னொரு வகைக் கொழுத்த சுண்டெலியும் அங்கு இனங்காணப்பட்டது. இவற்றை முறையே அ, ஆ எனக் கொள்வோம்.

கோல்மனின் பரிசோதனை

டக்ளஸ் கோல்மன் என்பவர் சத்திரசிகிச்சை மூலம் இரு சுண்டெலிகளின் குருதி ஒன்றோடொன்று கலக்கச் செய்தார்.

1. அ + சாதாரண சுண்டெலி: அ குறைவாக உண்டு மெலிந்தது.
2. ஆ + சாதாரண சுண்டெலி: சாதாரண சுண்டெலி உண்ணாது மெலிந்து இறந்தது. ஆ கொழுத்தே இருந்தது.

முடிபு: பசியை அடக்கும் பதார்த்தமொன்று குருதியில் உண்டு. அ அதனைச் சுரப்பதில்லை. ஆ மிகுதியாகச் சுரக்கிறது. ஆனால் அதனை ஏற்கும் வாங்கி பழுதானதால் மூளை உணர்வதில்லை. அதாவது, அ இல் கடிதம் எழுதப்படவில்லை. ஆ இல் கடிதம் வந்தும் வாசிப்பாரில்லை.

1994 இல் ஜெப்ரி பிரீட்மன் குழுவினர் அ இல் பழுதான பரம்பரையலகைக் கண்டறிந்தனர். அது ஆக்கும் ஓமோனே லெப்டின். ‘மெலிந்த’ எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து இப்பெயர் வந்தது.

தொழிற்படும் விதம்

லெப்டின் கொழுப்பிழையத்திலிருந்து சுரந்து, குருதி வழியே மூளையின் பரிவகக்கீழை அடைகிறது. அங்கு பசியைத் தூண்டும் நரம்புக்கலங்களை அடக்கி, பசியைக் குறைக்கும் நரம்புக்கலங்களைத் தூண்டுகிறது. உடற்கொழுப்புக் குறைந்தால் லெப்டினும் குறையும், பசி கூடும். பட்டினி கிடந்து மெலிந்தவர் மீண்டும் நிறை கூடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கவனிக்க: பருமனான மனிதர் பெரும்பாலானோரின் குருதியில் லெப்டின் கூடுதலாகவே உள்ளது, மூளையின் துலங்கலே குறைவு. எனவே லெப்டின் ஊசி அவர்களுக்குப் பெரிதும் பயன்படுவதில்லை. பிறப்பிலேயே லெப்டின் அற்ற மிகச் சிலருக்கு அது நன்கு பயனளிக்கிறது.

மாதிரி வினா: அ, ஆ இரண்டையும் இணைத்தால் யாது நிகழும்?

விடை: ஆ இன் லெப்டின் அ இன் மூளையை அடைவதால் அ உண்பதைக் குறைத்து மெலியும். ஆ மாற்றமின்றிக் கொழுத்தே இருக்கும்.

காரணம் எழுதாத விடைக்கு முழுப்புள்ளி கிடையாது. வகுப்பில் பருமனான நண்பரைப் “பெருந்தீனிக்காரர்” என்பதும் காரணம் அறியாது எழுதிய விடை போன்றதே.