விளையாட்டும் ஏமாற்றமும்

விளையாட்டு இன்பத்தின் பொருட்டு மேற்கொள்ளப்படுவது. ஆயினும், மாந்தர் பெரிதும் விரும்பும் விளையாட்டுக்களை நோக்கின், அவை ஒவ்வொன்றிலும் ஆடுவோன் மனம் நொந்து காயைத் தள்ளிவிட்டு எழ எண்ணும் இடமொன்று உளதாதல் புலப்படும். அங்ஙனம் எழுந்தவனே மறுநாள் அவ்விடத்தே வந்து மீண்டும் அமர்கின்றான் என்பதும் யாவரும் அறிந்ததே. இன்பந் தேடிச் செல்வோன் துன்பந் தரும் ஒன்றை விடாது பற்றுதற்குக் காரணம் யாது? அவ்வேமாற்றம் விளையாட்டின் குறையோ, அன்றி அதன் உயிரோ? இவ்வினா சிறுவர் பொழுதுபோக்குப் பற்றியது எனத் தள்ளிவிடத் தக்கதன்று. இன்று மாணாக்கர் கையிலுள்ள தொலைபேசி விளையாட்டுக்களுட் பல ஏமாற்றத்தையே விலைப்பொருளாக்கியிருத்தலின், இதனை ஆராய்தல் ஆசிரியர்க்கும் பெற்றோர்க்கும் கடமையாகின்றது.

விளையாட்டில் நேரும் ஏமாற்றத்தை, அது வரும் வழிநோக்கி நான்காக வகுக்கலாம். ஊழால் வருவது, ஆடுவோன் பிழையால் வருவது, விதி வகுத்தோன் குறையால் வருவது, விற்போன் சூழ்ச்சியால் வருவது என்பன அவை. நான்கும் மனத்துக்குக் கசப்பனவே. எனினும், கசப்பன யாவும் நஞ்சல்ல, வேப்பம்பூவும் கசக்கும்.

முதல்வகைக்கு யாழ்ப்பாணத்துத் திண்ணைகளில் நெடுங்காலம் ஆடப்பட்டுவந்த தாயமே தக்க எடுத்துக்காட்டு. சோகிகளை உருட்டித் தாயம் விழுந்தாலன்றிக் காயைக் கட்டத்துள் இறக்குதல் இயலாது. எதிரியின் காய்கள் சுற்றி வரத் தொடங்கிய பின்னரும் தாயம் விழாது வெறுங்கையோடு உருட்டிக்கொண்டிருப்போன் நிலை இரங்கத்தக்கது. இறங்கிய காயும் அச்சம் நீங்கியதன்று. ‘மலை’ எனப்படும் குறியிட்ட கட்டங்களில் நிற்குங்கால் அதற்குக் காவலுண்டு. பிறவிடத்து நிற்குங்கால் எதிரியின் காய் வந்தடையின் வெட்டுண்ணும். வெட்டுண்ட காய் தொடக்கத்திலிருந்தே மீண்டும் புறப்படல் வேண்டும். பரமபதத்திலோ இத்துன்பம் படமாகவே வரையப்பட்டுள்ளது. ஏணிகள் நற்செயல்களையும் பாம்புகள் தீச்செயல்களையும் குறிக்கும் அப்படத்தில், உச்சிப் பதத்தை எட்டுந் தறுவாயில் நீண்டதொரு பாம்பின் வாய்ப்பட்டுக் கீழே இறங்க நேர்தலே ஆடுவோர் அஞ்சும் இடமாகும். இவ்விளையாட்டுப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் இங்கிலாந்து சென்று அந்நாட்டுப் பிள்ளைகளின் விளையாட்டாக மாறியபோதும் பாம்புகள் நீக்கப்பட்டில. நீக்கின் எஞ்சுவது ஏணிகளும் எண்களுமே, விளையாட்டன்று.

ஊழால் வரும் இவ்வேமாற்றத்தை மக்கள் பொறுத்துக்கொள்வதற்குக் காரணம் அதன் நடுவுநிலைமையே. சோகிக்கு முதியோன் இளையோன் என்ற வேறுபாடு இல்லை. எழுத்தறியாப் பேர்த்தி, கற்றறிந்த பாட்டனை வெல்லுதல் தாயத்திற் கூடும். அறிவொன்றே முடிவு செய்யும் விளையாட்டில் அது கூடாது. இன்று எனக்கு நேர்ந்தது நாளை உனக்கு நேரும் என்ற நம்பிக்கையே தோற்றவனை மீண்டும் பாயில் இருத்துகின்றது.

இரண்டாம் வகை, ஆடுவோன் தன் பிழையால் எய்துவது. இதற்குக் குடாநாட்டார் பெரிதும் விரும்பியாடும் முந்நூற்று நான்கு என்னும் சீட்டாட்டத்தை நோக்குக. ஒரு வகைச் சீட்டில் எட்டாக முப்பத்திரண்டு சீட்டுக்கள் கொண்டு, இருவர் இருவராய் நால்வர் ஆடும் ஆட்டம் அது. வீறு எனப்படும் ஜாக்கிக்கு 30, ஒன்பதுக்கு 20, ஏசுக்கு 11, பத்துக்கு 10, இராசாவுக்கு 3, இராணிக்கு 2 என ஒரு வகைச் சீட்டுக்கு 76 புள்ளிகளும், நால்வகைக்கும் கூட்டி 304 புள்ளிகளும் வருதலின் ஆட்டத்துக்கு அப்பெயர் வாய்த்தது. துரும்பு மறைத்து வைக்கப்படுவதால், எவர் கையில் யாது உளது என்பதை விழுந்த சீட்டுக்களைக் கொண்டே உய்த்துணர வேண்டும். இவ்வாட்டத்தின் கசப்பான கணம் தோல்வியில் அன்று, வெற்றியில் உளது. எஞ்சிய பிடிகள் யாவும் தன் பக்கமே சேரும் என்பது உறுதிப்பட்டவிடத்து, ஆடுவோன் அதனை உரிய வேளையில் வாய்விட்டு அறிவித்தல் வேண்டும். அறிவியாது வாளாவிருந்து எட்டுப் பிடிகளையும் வென்றவன், வென்றும் தண்டமிறுக்க நேரிடும். இதன் வழக்கு ஊருக்கு ஊர் சிறிது வேறுபடினும் கருத்து ஒன்றே: வென்றாற் போதாது, வெல்வதை அறிந்திருத்தலும் வேண்டும். இதன்பொருட்டு எழும் வாக்குவாதம் ஆட்டத்தினும் நீளும். ஆயினும் இவ்விதியை ஒழிக்க வேண்டும் என எவரும் கேட்பதில்லை. தண்டமிறுத்தவன் தன்னையே நொந்துகொள்கின்றான்; அடுத்த ஆட்டத்தில் விழுஞ் சீட்டை ஊன்றிக் கவனிக்கின்றான்.

உலகின் தலைசிறந்த ஆட்டக்காரரும் இவ்வகையினின்று தப்பினாரல்லர். 2014ஆம் ஆண்டு உருசிய நாட்டுச் சோச்சி நகரில் நடைபெற்ற உலகச் சதுரங்கப் போட்டியின் ஆறாவது ஆட்டத்தில், மக்னஸ் கார்ல்சன் தம் அரசனைத் தகாத கட்டத்துக்கு நகர்த்திப் பெரும்பிழை செய்தார். சென்னையில் வளர்ந்து ஐந்துமுறை உலகப்பட்டம் பெற்ற விசுவநாதன் ஆனந்த், அப்பிழையைப் பயன்படுத்தும் குதிரை நகர்வைக் காணாது கடைக்கோடிக் காலாளொன்றை முன்தள்ளினார். கணமொன்றில் வாய்ப்புத் தவறிற்று. ஆட்டமும் போட்டியும் கார்ல்சனுக்காயின. எதிரி வாயிலைத் திறந்து வைத்திருக்க, அது பூட்டியிருக்கும் என்னும் எண்ணத்தால் தட்டாது சென்றமை போன்றது இது. இங்கும் குறை சதுரங்கத்தின்மேல் ஏற்றத்தக்கதன்று.

மூன்றாம் வகை, விதியையோ பொறியையோ ஆக்கியோன் குறையால் நேர்வது. துடுப்பாட்ட வரலாற்றில் இதற்கு மறவாத சான்றுண்டு. 1992ஆம் ஆண்டு மார்ச் 22ஆம் நாள், சிட்னியில் நடந்த உலகக் கிண்ண அரையிறுதியில், இங்கிலாந்தை எதிர்த்தாடிய தென்னாபிரிக்க அணிக்கு 13 பந்துகளில் 22 ஓட்டங்கள் தேவைப்பட்டன. அவ்வேளை மழை பெய்தது. முதலில் ஆடிய அணி மிகக் குறைந்த ஓட்டம் பெற்ற ஓவர்களையே கணக்கினின்றும் நீக்க வேண்டும் என்பது அன்றைய விதி. அதனால் பந்துகள் குறைந்தன. ஓட்டங்களோ பெரும்பாலும் குறைந்தில. மழை விட்டபின் ஒரே பந்தில் 21 ஓட்டங்கள் பெறவேண்டியதாயிற்று. ஊழும் அன்று, பிழையும் அன்று. விதியே ஆட்டத்தைக் கொன்றது. இக்குறையை நீக்க, டக்வேர்த், லூயிஸ் என்னும் இருவர் எஞ்சிய ஓவர்களையும் எஞ்சிய இலக்குகளையும் ஒருங்கு நோக்கும் கணிதமுறையொன்றை வகுத்தனர். 1997ஆம் ஆண்டு அது முதன்முறை கையாளப்பட்டது.

அம்முறை வந்தபின் அதே தென்னாபிரிக்க அணிக்கு நேர்ந்தது ஈண்டு ஒப்புநோக்கத்தக்கது. 2003ஆம் ஆண்டு மார்ச் 3ஆம் நாள் டர்பன் நகரில், இலங்கைக்கு எதிரான உலகக் கிண்ண ஆட்டத்தை மழை நெருங்கியது. 45ஆவது ஓவரை வீசியவர் முத்தையா முரளிதரன். அதன் ஐந்தாம் பந்தை மார்க் பௌச்சர் ஆறு ஓட்டமாக்கவே, மொத்தம் 229 ஆயிற்று. அவ்வெண் வெற்றிக்குப் போதும் எனக் கருதிய அவர், இறுதிப் பந்தைத் தடுத்தாடி ஓட்டம் எடாது விட்டார். 229 சமநிலைக்குரிய எண். வெற்றிக்கு இன்னும் ஒன்று வேண்டியிருந்தது. மழையால் ஆட்டம் நின்றது. தென்னாபிரிக்கா சொந்த மண்ணிலேயே போட்டியினின்றும் வெளியேறிற்று. 1992இல் அவ்வணி விதியால் வஞ்சிக்கப்பட்டது. 2003இல் விதியைத் தவறாக வாசித்தது. முன்னது விதியைத் திருத்தவும், பின்னது ஆடுவோன் தன்னைத் திருத்தவும் காரணமாதல் முறை.

இனி, இக்காலத்து வீடியோ விளையாட்டுக்களை நோக்குவோம். தொண்ணூறுகளின் முற்பகுதியில் போர் காரணமாக யாழ்ப்பாணக் குடாநாடு மின்விநியோகம் இன்றியிருந்தது. ஏனைய நாட்டுப் பிள்ளைகள் திரைமுன் அமர்ந்து ஆடிய அவ்வாண்டுகளில், இங்குள்ளோர்க்குக் கிளித்தட்டும் தாயமும் சீட்டுமே துணையாயின. ஆதலால் வீடியோ விளையாட்டு இங்கு பலர்க்குக் கணினி வாயிலாகவும் கைத்தொலைபேசி வாயிலாகவும் காலந்தாழ்த்தே வந்தது. எனினும், முற்கூறிய வகைகள் அதற்கும் பொருந்துவனவே.

1980இல் யப்பானில் வெளிவந்த பக்மான் ஆக்கியோன் குறைக்கு எடுத்துக்காட்டாகும். அதன் 255 நிலைகளை முயன்று கடந்தவனுக்கு 256ஆம் நிலையில் திரையின் வலப்பாதி பொருளற்ற எழுத்துக்களாய்ச் சிதறித் தோன்றும், மேற்செல்லல் இயலாது. நிலையெண்ணைக் குறித்துவைத்த இடம் 255க்கு மேற்பட்ட எண்ணைக் கொள்ளாமையே காரணம். ஆயினும் அது பெருந்திறனுடையோரே காணும் குறையாதலின் பக்மான் புகழ் குன்றவில்லை. 1982இல் அட்டாரி நிறுவனம் வெளியிட்ட ஈ.ரி. என்னும் விளையாட்டின் கதை வேறு. பண்டிகைக் கால விற்பனைக்காக ஏறக்குறைய ஐந்தே வாரத்தில் ஆக்கப்பட்ட அதில், ஆடுவோன் குழிகளில் மீண்டும் மீண்டும் வீழ்ந்து, ஏன் வீழ்ந்தான் என்பதை அறியாமலே சலித்தான். விற்காத பேழைகள் பல, 1983இல் நியூ மெக்சிக்கோப் பாலைநிலத்திற் புதைக்கப்பட்டன. 2014இல் அவற்றுட் சில தோண்டியெடுக்கப்பட்டன.

குழியில் வீழ்த்துதல் மாத்திரமே குற்றமன்று. 1985இல் வந்த சூப்பர் மரியோ பிரதர்ஸ் விளையாட்டிலும் குழிகள் நிறைந்துள. அன்றியும், இளவரசியை மீட்கப் புறப்பட்டவன் ஏழு கோட்டைகளை வென்ற பின்னரும், ஒவ்வொன்றிலும் அவள் அங்கில்லை என்ற செய்தியையே பெறுகின்றான். எட்டாவதிலேயே அவளைக் காண்கின்றான். ஏழுமுறை ஏமாற்றப்பட்டும் ஆடுவோன் அவ்விளையாட்டை விரும்புவது ஏன்? வீழ்ந்த குழி கண்முன் தெரிகின்றது. அடுத்தமுறை தாண்டலாம் என்பது விளங்குகின்றது. கோட்டைதோறும் அவன் திறன் வளர்கின்றது. 1997 முதல் நோக்கியாத் தொலைபேசிகளில் வந்த பாம்பு விளையாட்டும் இத்தகையதே. இரையுண்ண உண்ணப் பாம்பு நீளும். நீண்ட தன் உடலில் தானே மோதி மடியும். பரமபதத்துப் பாம்பு ஊழாய் வந்து விழுங்க, இப்பாம்போ ஆடுவோன் பெற்ற வெற்றியாலேயே வளர்ந்து அவனை வெல்கின்றது. தோற்றவன் எவரையும் நோவதற்கில்லை. நல்லாக்கியோன் ஏமாற்றத்தை நீக்குவதில்லை. அதற்குக் காரணத்தையும் தீர்வையும் ஆடுவோன் கைக்கெட்ட வைக்கின்றான்.

நான்காம் வகை, முன்னோர் அறிந்த சூதின் புதுவடிவம். 2012இல் வெளிவந்த கண்டி கிரஷ் சாகா என்னும் தொலைபேசி விளையாட்டை எவரும் பணமின்றித் தொடங்கலாம். தோற்குந்தோறும் ஓர் உயிர் கழியும். ஐந்துயிரும் கழிந்தபின் ஓருயிர் மீள அரைமணி நேரம் காத்திருத்தல் வேண்டும். காத்திருக்க மனமில்லாதவன் பணங்கொடுத்து உயிர் வாங்கலாம். இங்கு ஏமாற்றம் கடைவாயிலாக நிற்பதைக் காண்க. வேறு சிலவற்றில், உள்ளிருப்பது யாதென அறியாமலே விலைகொடுத்துத் திறக்கும் பெட்டிகள் உள. வேண்டிய பொருள் அதில் வருதல் அரிது. 2017இல் ஸ்டார் வோர்ஸ் கதையைத் தழுவி வந்த விளையாட்டொன்றில், பெயர்பெற்ற பாத்திரங்களைப் பெற நெடுநேரம் உழைக்கவேண்டியிருந்தமையும், பெட்டிகள் ஆட்டத்தின் வெற்றியையே நிருணயித்தமையும் ஆடுவோரின் பெருஞ்சினத்துக்கு இலக்காயின. நிறுவனம் அவ்விற்பனையை வெளியீட்டுக்கு முன்பே நிறுத்திவைத்தது. மறு ஆண்டு, பெல்சிய நாட்டுச் சூதாட்ட ஆணையம் இத்தகைய பெட்டிகளைச் சூதென்றே துணிந்தது.

திருவள்ளுவர் பொருட்பாலிற் சூதுக்குத் தனியதிகாரம் வகுத்தமை நினைவுகூரத்தக்கது. சூதின் தீமை கவற்றில் மாத்திரம் அன்று. தோற்றவனை மீண்டும் இழக்கத் தூண்டும் ஏற்பாட்டிலும் உளது. தருமன் உருட்டியதும் கவறே, பேர்த்தி உருட்டுவதும் சோகியே. ஒன்றில் எதிரே சகுனி இருந்தான். மற்றதில் பாட்டன் இருக்கின்றான். சகுனிக்கு மற்றவன் தோல்வியில் ஊதியமுண்டு, பாட்டனுக்கு இல்லை.

ஆகவே, ஏமாற்றந் தருவது என்னும் காரணத்தால் ஒரு விளையாட்டை விலக்குதலும், மாணாக்கர் விரும்புவர் என்னும் காரணத்தால் யாதொன்றையும் அனுமதித்தலும் ஒருங்கே தவறாம். தோல்வியைத் தாங்கும் உள்ளம் பாடநூலால் மாத்திரம் வாய்ப்பதன்று. சிறு தோல்விகளைப் பலமுறை துய்த்தே அது பழகல் வேண்டும். விளையாட்டு அதற்கேற்ற களம். அங்கு வெட்டுண்ணுவது காயே, வாழ்வன்று. ஆயின், மாணாக்கன் ஒவ்வோர் ஏமாற்றத்திலும் மூன்று வினாக்களை எழுப்பப் பழகல் வேண்டும். இது எல்லார்க்கும் ஒப்ப வருவதா? இதன் காரணம் எனக்குப் புலப்படுகின்றதா? இதனால் எவர் பணம் பெறுகின்றார்? முதலிரண்டுக்கும் ஆம் என்றும், மூன்றாவதற்கு எவருமிலர் என்றும் விடை வருமாயின், சோகியை மீண்டும் கையிலெடுத்து உருட்டலாம். அவ்விடை வாராதாயின், எழுந்து செல்லுதல் தோல்வியாகாது.