மனநோய்க்கும் சொக்சோ உண்டு



கை ஒடிந்தால் மறுநாளே சொக்சோ பாரம் கேட்கிறோம். மனநோய் என்றால் மட்டும் மூடி மறைக்கிறோம். "தஞ்சோங் ரம்புத்தான் கேஸ்" என்று லயத்தில் பேசுவார்களே, பிள்ளை கல்யாணம் தடைப்படுமே என்ற பயம்தான் காரணம்.

1969ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தில் விபத்துக்கு ஒரு திட்டமும் இயலாமைக்கு ஒரு திட்டமும் உண்டு. இயலாமைத் திட்டம் வேலைக்குச் சம்பந்தமில்லாத நோய்க்கும் உதவும். மனநோயும் அதில் சேர்ந்ததே.

ஆனால், நோய் இருந்தால் மட்டும் பென்சன் கிடைத்துவிடாது. இனிக் குணமாவது கடினம், நல்ல உடம்புக்காரர் சம்பாதிப்பதில் மூன்றில் ஒரு பங்குகூட இவரால் சம்பாதிக்க முடியாது என்று மெடிக்கல் போர்டு சொல்ல வேண்டும்.

நோய் வந்து இரண்டு மூன்று மாதம்தான் ஆகிறதா? மனுவுக்கு அவசரப்படாதீர்கள். முதலில் மருந்து, மெடிக்கல் லீவு. மனச்சோர்வு பலருக்கு வைத்தியத்தில் தெளிகிறது. மறுபடி வேலைக்குப் போக உதவும் திட்டமும் சொக்சோவில் 2007 முதல் இருக்கிறது.

வருஷக்கணக்கில் கிள்ளான் பெரிய ஆஸ்பத்திரியில் மருந்து எடுத்தும் வேலையில் நிற்க முடியவில்லையா? தயங்காமல் மனுச் செய்யுங்கள். 60 வயதுக்கு முன் செய்ய வேண்டும். மனுவுக்கு முந்திய 40 மாதத்தில் 24 மாதச் சந்தா இருந்தால் முழுப் பென்சனுக்குத் தகுதி. வேலையை விட்டுவிட்டு வீட்டில் முடங்கிக் கிடந்தால் இந்தக் கணக்கு குறைந்துகொண்டே போகும்.

கிளினிக் கார்டைப் பத்திரமாக வையுங்கள், தேதி தவறாமல் போங்கள். போர்டுக்கு அதுதான் சாட்சி. மனுவைத் தள்ளிவிட்டால் 90 நாளுக்குள் அப்பீல் செய்யலாம்.

இது தர்மக் காசு அல்ல. மாதாமாதம் உங்கள் சம்பளத்தில் பிடித்த சந்தாவுக்கு உரிய பலன்.