நாள் குறித்த நம்பிக்கை

எத்தனை முறை ஏமாந்தாலும் நம்பிக்கையைக் கைவிடாதவர்கள் இவ்வுலகில் இரண்டு வகையினர். ஒருவர் லாட்டரிச் சீட்டு வாங்குகிறவர்; மற்றவர் கால்பந்தாட்ட ரஸிகர். தம்முடைய கோஷ்டி இன்று நான்கு கோல் வித்தியாசத்தில் தோற்றுப் போயிருக்கும். "அடுத்த வருஷம் பாருங்கள்!" என்று சொல்லிவிட்டு, அவர் வீட்டுக்குப் போய் நிம்மதியாகச் சாப்பிடுவார். அந்த அடுத்த வருஷம் எப்போது வரும் என்று மட்டும் அவரைக் கேட்கக் கூடாது.

ஜப்பான் தேசத்து ரஸிகரிடமோ அந்தக் கேள்வியைத் தாராளமாகக் கேட்கலாம். "2050" என்று அவர் தயங்காமல் பதில் சொல்வார்.

இது வேடிக்கைப் பேச்சன்று. 2005-ஆம் வருஷத்தில் ஜப்பானியக் கால்பந்துச் சங்கம் ஒரு பிரகடனம் வெளியிட்டது. 2050-க்குள் உலகக் கோப்பைப் பந்தயங்களைத் தங்கள் நாட்டில் நடத்துவது, அவற்றில் தாங்களே வெற்றி பெறுவது என்பது அதில் கண்ட உறுதி. அதுவரை ஜப்பான் அந்தப் பந்தயங்களில் கலந்து கொண்டதே இரண்டு தடவைதான். செய்தியைப் படித்த ஐரோப்பியர் யாராவது புன்னகை புரிந்திருந்தால், அவரைக் குற்றம் சொல்வதற்கில்லை.

ஜப்பான் எந்த இடத்திலிருந்து புறப்பட்டது என்பதை நம்மவர் அறிந்து கொள்வது நலம். அந்தக் கதையில் நமக்கும் ஓர் அத்தியாயம் உண்டு. 1956-இல் மெல்போர்ன் ஒலிம்பிக்கில் ஜப்பான் முதல் ஆட்டத்திலேயே ஆஸ்திரேலியாவிடம் இரண்டுக்குப் பூஜ்யம் என்று தோற்று வெளியேறியது. அதே ஆஸ்திரேலியாவை அடுத்த சுற்றில் நான்குக்கு இரண்டு என்று வென்றது எந்த நாடு தெரியுமா? இந்தியா! நெவில் டிஸௌஸா என்னும் வீரர் ஒருவரே மூன்று கோல் போட்டார். அந்த ஒலிம்பிக்கில் நாம் நான்காம் ஸ்தானம் பெற்றோம். 1962-இல் ஜகார்த்தாவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியிலும் ஜப்பானை வென்றோம். தங்கப் பதக்கமும் பெற்றோம்.

தோற்றவர்கள் சும்மா இருக்கவில்லை. 1960-இல் டெட்மார் கிராமர் என்ற ஜெர்மானிய ஆசிரியரைத் தருவித்துப் பாடம் கேட்டார்கள். எட்டு வருஷத்தில், 1968-ஆம் வருஷத்து மெக்ஸிகோ ஒலிம்பிக்கில், வெண்கலப் பதக்கம் கிடைத்தது. ஆனால் பிறகு வந்தது நீண்ட சரிவு. 1996 வரை ஒலிம்பிக் கால்பந்துக்கே அவர்களால் தகுதி பெற முடியவில்லை.

சரிவின் காரணத்தை அவர்கள் தேடினார்கள். அக்காலத்தில் அங்கே கால்பந்துக் கோஷ்டிகள் பெரிய கம்பெனிகளுக்குச் சொந்தமாக இருந்தன. கம்பெனியின் கோஷ்டி வென்றால் ஊராருக்கு என்ன, தோற்றால்தான் என்ன? ஆகவே, 1993-இல் பத்து சங்கங்களுடன் தொழில்முறைப் பந்தயங்களைத் தொடங்கியபோது, ஒவ்வொரு சங்கமும் ஓர் ஊருக்கு உரியதாக இருக்க வேண்டும் என்று விதித்தார்கள். பத்து என்ற தொகை 2024-இல் அறுபதாயிற்று. தன் ஊரின் பெயரைத் தாங்கி ஆடும் வீரனைப் பார்க்கத் தகப்பனார் பிள்ளையையும் அழைத்துக்கொண்டு போகிறார். பிள்ளைக்கும் ஆசை பிறக்கிறது.

அதே 1993-ஆம் வருஷம் அக்டோபர் 28-ஆம் தேதி, கத்தார் நாட்டின் தோஹா நகரில், ஜப்பானியர் மறக்க முடியாத ஆட்டம் ஒன்று நடந்தது. ஈராக்கை வென்றுவிட்டால் ஜப்பான் முதன்முதலாக உலகக் கோப்பைக்குப் போகலாம். இரண்டுக்கு ஒன்று என்று முன்னணியில் இருந்தார்கள். குறித்த தொண்ணூறு நிமிஷமும் கழிந்துவிட்டது. நடுவர் ஊதலை வாயில் வைக்க வேண்டியதுதான் பாக்கி. அந்தச் சமயத்தில் ஈராக் ஒரு கோல் போட்டுவிட்டது! வீரர்கள் மைதானத்திலேயே சாய்ந்தார்கள். அவர்களில் ஒருவர் ஹஜிமே மொரியாஸு என்னும் இருபத்தைந்து வயது இளைஞர்.

நான்கு வருஷம் கழித்து அவர்கள் ஈரானை வென்று தகுதி பெற்றார்கள். 1998-இல் பிரான்ஸுக்குப் போய் ஆடிய மூன்று ஆட்டங்களிலும் தோற்றார்கள். 2002-இல் முதல் சுற்றைத் தாண்டினார்கள். 2011-இல், பூகம்பமும் ஆழிப் பேரலையும் நாட்டைச் சூறையாடிய நான்கு மாதங்களுக்குப் பின், ஜப்பானியப் பெண்கள் அமெரிக்காவை வென்று உலகக் கோப்பையையே கொண்டுவந்தார்கள். ஆண்களோ 2018-இல் பெல்ஜியத்துக்கு எதிராக இரண்டு கோல் முன்னணியில் இருந்தும், கடைசி நிமிஷத்தில் ஆட்டத்தைப் பறிகொடுத்தார்கள்.

2022-இல் உலகக் கோப்பைப் பந்தயங்கள் கத்தாரிலேயே நடந்தன. ஜப்பானுக்குப் பயிற்சியாளராக வந்தவர், தோஹாவில் கண் கலங்கி நின்ற அதே மொரியாஸு! ஜெர்மனியை இரண்டுக்கு ஒன்று என்று வென்றார்கள். ஸ்பெயினையும் அவ்விதமே வென்றார்கள். ஆட்டம் முடிந்ததும் ஜப்பானிய ரஸிகர்கள் பைகளை எடுத்துக்கொண்டு, தாங்கள் உட்கார்ந்திருந்த இடத்தைப் பெருக்கிச் சுத்தம் செய்துவிட்டுப் புறப்பட்டதை உலகம் வியந்து பார்த்தது. அடுத்த சுற்றில் குரோஷியாவிடம் பெனால்டி உதையில் தோல்வி. மறுபடியும் கண்ணீர்தான். ஆனாலும் 2025 அக்டோபர் 14-ஆம் தேதி, டோக்கியோவில், இடைவேளை வரை இரண்டு கோல் பின்தங்கியிருந்தவர்கள், பிறகு மூன்று கோல் போட்டுப் பிரேஸிலை வென்றார்கள். பிரேஸிலை அவர்கள் வென்றது அதுவே முதல் தடவை.

இவ்வளவையும் சொல்லிவிட்டு ஓர் உண்மையை மறைப்பது நியாயமாகாது. அந்த 2005-ஆம் வருஷத்துப் பிரகடனத்தில், 2015-க்குள் உலகின் முதல் பத்து கோஷ்டிகளில் ஒன்றாவோம் என்றும் கண்டிருந்தது. அது கைகூடவில்லை. 2022 வரை ஆண்கள் கோஷ்டி காலிறுதி ஆட்டத்தைக் கூட எட்டவில்லை. அதற்காக யாரும் பிரகடனத்தைக் கிழித்துப் போடவில்லை. ஒரு தவணை தவறினால் கடனே இல்லையென்று ஆகிவிடுமா?

தோஹா ஆட்டத்தைப் பார்த்து அழுத பத்து வயதுச் சிறுவனுக்கு 2050-இல் அறுபத்தேழு வயதாகும். கோப்பை வரலாம், வராமலும் போகலாம். ஆனால் காத்திருக்கும் காலத்தில் அவன் ஊருக்கு ஒரு கோஷ்டி வந்திருக்கிறது, அவன் பேரக் குழந்தைக்கு ஒரு மைதானம் கிடைத்திருக்கிறது.

நமக்கும் நம்பிக்கைக்குக் குறைவில்லை. மெல்போர்னில் நான்காம் ஸ்தானம் பெற்ற தேசம், 1960-க்குப் பிறகு 2024 வரை ஒலிம்பிக் கால்பந்தில் காலெடுத்து வைக்கவில்லை. "என்றாவது ஒரு நாள்" என்று நாமும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறோம். அந்த "என்றாவது" என்ற சொல்லை அடித்துவிட்டு, அவ்விடத்தில் ஒரு வருஷத்தை எழுத நமக்குத் துணிவு வருமா? எழுதினால், மறுநாள் காலையிலேயே வேலையைத் தொடங்கியாக வேண்டும்!