சில்லறை சொல்லும் சேதி – 9
ஆண்டுக்குக் கீழே பாருங்கள்

பழைய காசு கிடைத்தால் எல்லோரும் ஆண்டைத்தான் பார்க்கிறார்கள். சேகரிப்பவர்களின் கண் ஆண்டுக்குக் கீழே போகும். அங்கே வட்டப் புள்ளி இருந்தால் நொய்டாவில் அடித்தது. சாய்சதுரம் என்றால் மும்பை. ஐந்து முனை நட்சத்திரம் என்றால் ஹைதராபாத். ஒன்றுமே இல்லையென்றால் கொல்கத்தா. இது தெரியாமல், ‘குறி விட்டுப்போன பிழைக்காசு’ என்று கொல்கத்தா காசைப் பொத்திப் பொத்தி வைத்திருப்பவர்கள் உண்டு.

எண்பதுகளில் சில்லறைத் தட்டுப்பாடு முற்றியபோது வெளிநாடுகளிலும் அடித்து வரவழைத்தார்கள். 1985 ஒரு ரூபாயில் ‘எச்’ என்ற ஆங்கில எழுத்து தென்பட்டால், அது பர்மிங்ஹாமின் ஹீட்டன் ஆலையில் பிறந்தது. 1999 ஐந்து ரூபாய் சிலவற்றில் பொடியாக மூன்று ரஷ்ய எழுத்துகள் இருக்கும், மாஸ்கோ சரக்கு. ஒரே ஆண்டு, ஒரே மதிப்பு, ஆனால் ஓர் ஆலை கொஞ்சமாகவும் இன்னொன்று மூட்டை மூட்டையாகவும் அடித்திருக்கும். விலை பிரிவது அங்கேதான். வயதுக்கு அதில் பங்கு குறைவு.

வைஷ்ணவ தேவி காசு விவகாரம் தெரியும்தானே? 2012ல் ஐந்து ரூபாயிலும் பத்து ரூபாயிலும் வந்தது. ‘லட்சக்கணக்கில் வாங்கிக்கொள்கிறோம்’ என்று விளம்பரம் பார்த்துப் போன் செய்தால், முதலில் பதிவுக் கட்டணம் கேட்பார்கள், அப்புறம் வரி. காசை விற்கப் போனவர் பணம் கட்டிவிட்டு நிற்பார். தன் பெயரைச் சொல்லி நடக்கும் இந்த மோசடியைப் பற்றி ரிசர்வ் வங்கியே 2021ல் எச்சரித்தது. வாங்குகிறவன் எதற்கு முன்பணம் கேட்கிறான் என்று ஒரு நிமிஷம் யோசித்தால் போதும்.

குறிக்கு அடுத்தது மேனி. 1968 முதல் 1971 வரை வந்த தாமரை இருபது காசை எடுத்துக்கொள்ளுங்கள். தங்கம் கலந்தது என்று ஊரெல்லாம் பேச்சு. லட்சுமி பூஜைக்கென்றே சேர்த்தார்கள். தங்கம் ஒரு பொட்டும் கிடையாது, பித்தளைதான். வெள்ளிக்கிழமை தோறும் புளி போட்டுத் தேய்த்த காசு பளபளவென்றுதான் இருக்கும், ஆனால் வியாபாரி லென்ஸ் வைத்துப் பார்த்ததும் தள்ளிவிடுவார். அச்சில் அடிபடும்போது உலோகம் ஓடிய மெல்லிய கோடுகள் புதுக்காசின் மேல் இருக்கும். வெளிச்சத்தில் சாய்த்துத் திருப்பினால் ஒளி சக்கரமாகச் சுற்றும். தேய்த்ததில் அந்தக் கோடுகள் போய்விடுகின்றன, திரும்ப வராது. அழுக்கு இருந்தால் இருக்கட்டும், விட்டுவிடுங்கள். பிடிக்கும்போதும் விளிம்பில் பிடியுங்கள், முகத்தில் விரல் படவேண்டாம்.

விலை பெரிதாகப் போகாவிட்டாலும் நான் செலவழிக்காமல் எடுத்து வைப்பது 2009ல் வந்த அண்ணா நூற்றாண்டு ஐந்து ரூபாய். படத்துக்குக் கீழே அவருடைய தமிழ்க் கையெழுத்து இருக்கிறது. மளிகைக் கடை மீதியில் இன்றைக்கும் வரும்.

அடுத்த வாரம், நம் ஊர்க் கடைகளும் பஸ் கண்டக்டர்களும் வாங்க மறுத்த பத்து ரூபாய்க் காசு. 2018ல் ரிசர்வ் வங்கி செல்லும் என்று சொன்ன 14 வடிவங்களையும் வரிசையாகப் பார்ப்போம்.

(புழங்கும்)