வயலெலியும் மூஞ்சூறும்

1951 முதல் கொரியப் போர்க்களத்தில் ஐக்கிய நாட்டுப் படைவீரர் 3,000-க்கு மேற்பட்டோர், குருதிக் கசிவும் சிறுநீரகக் கேடும் கூடிய சுரத்தால் வருந்தினர். கால் நூற்றாண்டாகியும் காரணம் புலப்படவில்லை. 1976-இல் லீ ஹோ-வாங் என்னும் அறிஞர் அந்நோய்க்கிருமியின் அடையாளத்தை வயலெலியின் நுரையீரலிற் கண்டார். அவ்வைரஸ் ஹந்தான் ஆற்றின் பெயர் பெற்றது. எலியின் சிறுநீரும் எச்சமும் உலர்ந்து, தூசியோடு கலந்து, மூச்சுவழியே நம்முட் புகுகின்றன.

இவ்வினத்து வைரஸ் ஒன்று 1964-லேயே வேலூரில் பிடிபட்ட மூஞ்சூற்றினின்று எடுக்கப்பெற்றுத் தோட்டப்பாளையத்தின் பெயர் பூண்டமையை நம்மிற் பலர் அறியோம். மூஞ்சூறோ எலியினத்ததன்று, அவ்வைரஸால் மாந்தர்க்கு நோய் விளைதலும் நிறுவப்படவில்லை. விலங்கினிடத்துக் கிருமி காண்டல் வேறு, அதுவே நோய்க்குக் காரணமென நிறுவுதல் வேறு. ஆதலின் நாம் வீணே அஞ்சவும் வேண்டா, அசட்டை செய்யவும் வேண்டா. எலி உலவிய அறையை உலரப் பெருக்காது, கிருமிநாசினி தெளித்து நனைத்தபின் துடைப்போமாக.