திரைமுன் பயில நாம் ஆயத்தமா?

இணையவழிக் கல்வி என்றவுடன் எழும் முதற்கேள்வி, "கையில் கருவி உண்டா?" என்பதே. அது நியாயமான கேள்விதான். 2017-18ஆம் ஆண்டின் தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின்படி, இந்தியச் சிற்றூர்க் குடும்பங்களில் நூற்றுக்குப் பதினைந்துக்கே இணைய வசதி இருந்தது. இணையத்தை அணுகுதல் கல்வியுரிமையின் ஒரு கூறு என்று 2019இல் கேரள உயர்நீதிமன்றம் தீர்ப்பும் அளித்தது.

ஆனால், கருவி வந்துவிட்டால் ஆயத்தமாகிவிட்டோமா? ஹார்வர்டும் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகமும் நடத்திய இணையப் பாடங்களை ஆய்ந்து, 2019இல் அறிஞர் இருவர் முடிவு வெளியிட்டனர். 2017-18இல் சேர்ந்தோரில் படித்து முடித்தவர் நூற்றுக்கு மூவரே! வேடிக்கை பார்க்கச் சேர்ந்தோரை விட்டுவிடுவோம். சான்றிதழுக்குப் பணம் கட்டியவரிலும் பாதிப்பேருக்கு மேல் முடிக்கவில்லை. அவர்களிடம் கருவி இல்லாமலா போயிற்று?

தனியே அமர்ந்து, தானே நேரம் வகுத்து, ஐயத்தைத் தானே கேட்டுத் தெளியும் பழக்கமே உண்மையான ஆயத்தம். இங்கேதான் பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைச் சிற்றூர்களிலிருந்து வரும் நம் தோழர்களை எண்ண வேண்டும். 1956 நவம்பர் முதல் நாள் விளவங்கோடும் கல்குளமும் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. இத்தோழர்களுக்கு வீட்டில் தமிழ், கடைத்தெருவில் மலையாளம், பாடநூலில் ஆங்கிலம். வகுப்பில் ஒரு சொல் விளங்காவிடில், பக்கத்திலிருப்பவன் மெல்லச் சொல்லிவிடுவான். திரையின் முன் அந்தப் பக்கத்து நண்பன் இல்லை. கேட்கக் கூசியவன் ஊமையாகிறான், பிறகு விலகுகிறான்.

இது கொரோனாக் காலத்தோடு முடிந்த செய்தியன்று. ஒரு பருவத்தின் பாடங்களில் நூற்றுக்கு நாற்பது வரை 'சுவயம்' தளத்தின் வழியே பயில, பல்கலைக்கழக மானியக் குழுவின் 2021ஆம் ஆண்டு விதி இடந்தருகிறது. அத்தளத்தில் ஐ.ஐ.டி.கள் நடத்தும் என்.பி.டி.இ.எல். பாடங்களில் வாராந்தரப் பயிற்சிக்கு 25 மதிப்பெண். தேர்வுக்கூடத்தில் எழுதும் தேர்வுக்கு 75. கடைசி வாரத்தில் விழித்துக்கொள்பவன் பயிற்சிக்குரிய பங்கை இழந்தே நிற்பான்.

ஆகவே, நம் மன்றத்துக்கு ஒரு வேண்டுகோள். நால்வர் சேர்ந்து ஒரே பாடத்தில் பதிவு செய்யட்டும். வாரத்தில் ஒரு மாலை கூடி, அவ்வாரப் பாடத்தை ஒருவர் தமிழில் விளக்கட்டும். மற்றவர் குறுக்குக் கேள்வி கேட்கட்டும். கலைச்சொற்களை ஆங்கிலம், தமிழ், மலையாளம் என மூன்று பத்திகளில் ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்தால், அடுத்த ஆண்டு வரும் தம்பி தங்கையர்க்கும் அது உதவும்.

கருவியை அரசு தரலாம். பக்கத்து நண்பனை நாம்தான் தரவேண்டும்.