வேகத்தை வெப்பமாக்கும் பிரேக், சுமையைக் குறைக்கும் சக்கரம்

'நிலைமத் திருப்புத்திறன்' என்று கரும்பலகையில் எழுதியவுடன் பல மாணவர்களின் முகம் வாடிவிடும். அதே மாணவர்களிடம் பந்தய பைக் பற்றிக் கேட்டால் எஞ்சினின் சிசி முதல் வீரரின் எண் வரை மளமளவென்று ஒப்பிப்பார்கள். 2023 செப்டம்பரில் கிரேட்டர் நொய்டாவில் மோட்டோஜிபி பந்தயம் முதன்முறையாக நடந்த பிறகு இந்த ஆர்வம் எங்கள் பள்ளியிலும் கூடியிருக்கிறது. ஆனால் பேச்செல்லாம் வேகத்தைப் பற்றித்தான். அந்த வேகத்தை எப்படி நிறுத்துகிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை. நான் அந்தக் கேள்வியிலிருந்துதான் பாடத்தைத் தொடங்குகிறேன்.

நிறுத்துவது என்றால் என்ன?

2023இல் இத்தாலியின் முஜெல்லோ ஓடுதளத்தில் மணிக்கு 366.1 கி.மீ. வேகம் பதிவானது. கணக்குக்கு எளிதாக 360 கி.மீ. என்று கொள்வோம், அதாவது நொடிக்கு 100 மீட்டர். பைக்கின் குறைந்தபட்ச எடை 157 கிலோ. எரிபொருள், வீரர், அவருடைய கவச உடை எல்லாம் சேர்த்து 240 கிலோ என்று வைத்துக்கொண்டால், இயக்க ஆற்றல் 12 லட்சம் ஜூல். வளைவுக்கு முன் வேகம் 90 கி.மீ. ஆகக் குறைந்தால் மிஞ்சுவது 75 ஆயிரம் ஜூல் மட்டுமே. மீதி 11.25 லட்சம் ஜூல் எங்கே போனது?

காற்றின் எதிர்ப்பு ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். பெரும்பகுதி பிரேக்கில் வெப்பமாகிறது. 30 டிகிரியில் இருக்கும் ஏறத்தாழ 4 லிட்டர் நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர இவ்வளவு ஆற்றல் போதும். சத்துணவுக் கூடத்தில் அதற்கு எத்தனை நிமிடம் ஆகும் என்று மாணவர்களையே கேட்கச் சொல்லுங்கள். பந்தய பைக்கில் இது சில நொடிகளில் நடந்து முடிகிறது.

ஏன் கார்பன்?

சாலையில் ஓடும் பைக்கின் டிஸ்க் எஃகால் ஆனது. மோட்டோஜிபி பைக்கின் முன்சக்கரத்தில் இரண்டு கார்பன் டிஸ்க்குகள் உள்ளன. கார்பன் எடை குறைவு; சுமார் 250 முதல் 800 டிகிரி செல்சியஸ் வரை நன்றாகப் பிடிக்கும். ஆனால் குளிர்ந்த நிலையில் அதன் உராய்வு குறைவு. அதனால்தான் மழையிலும் குளிரிலும் டிஸ்க்கின் வெப்பம் போய்விடாமல் உறை மாட்டுகிறார்கள். பேருந்து நிலையத்துக்குப் போய்வரும் பைக்கில் இதைப் பொருத்தினால் முதல் பிரேக்கிலேயே ஆபத்து. 'பந்தயப் பொருள் என்றால் எங்கும் சிறந்தது' என்ற எண்ணத்தை உடைக்க இந்த ஒரு செய்தி போதும்.

டிஸ்க்கின் விட்டம் 320, 340, 355 மில்லிமீட்டர் என ஓடுதளத்துக்கு ஏற்ப மாறும். ஒரே விசையை மையத்திலிருந்து தள்ளிக் கொடுத்தால் திருப்பு விசை கூடும். கதவின் கைப்பிடியைக் கீலிலிருந்து தள்ளி வைப்பதற்கும் காரணம் இதுதான். பெரிய டிஸ்க் வெப்பத்தையும் கூடுதலாகத் தாங்கும்.

வெப்பம் எல்லை மீறினால் என்ன ஆகும் என்பதற்கு 2020 ஆகஸ்ட்டில் ஆஸ்திரியாவின் ரெட் புல் ரிங்கில் நடந்தது சான்று. மாவரிக் வினியாலெஸின் பைக்கில் பிரேக் செயலிழந்தது. மணிக்கு 200 கி.மீ.க்கும் மேற்பட்ட வேகத்தில் அவர் பைக்கிலிருந்து குதித்தார். பைக் தடுப்பில் மோதித் தீப்பிடித்தது. கவச உடையும், சறுக்கிச் செல்லத் திறந்த வெளியும் இருந்ததால் அவர் எழுந்து நடந்தார். நம் சாலைகளில் அந்தத் திறந்த வெளி கிடையாது என்பதை வகுப்பில் தவறாமல் சொல்கிறேன்.

சக்கரம் ஏன் இலேசாக இருக்க வேண்டும்?

இந்த பைக்குகளின் சக்கரங்கள் மக்னீசியக் கலவையால் ஆனவை. அலுமினியத்தின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 2.7 கிராம், மக்னீசியத்துக்கு 1.74 கிராம் மட்டுமே.

சட்டத்தில் இருக்கும் ஒரு கிலோ முன்னோக்கி மட்டுமே நகர்கிறது. சக்கரத்தின் விளிம்பில் இருக்கும் ஒரு கிலோ முன்னோக்கி நகர்வதோடு சுழலவும் செய்கிறது. எனவே அதன் இயக்க ஆற்றல் ஏறத்தாழ இரு மடங்கு. வேகம் எடுக்கும்போது அதைக் கொடுக்க வேண்டும். நிறுத்தும்போது பிரேக் அதை வெப்பமாக்க வேண்டும். மேலும், வேகமாகச் சுழலும் கனமான சக்கரம் தன் அச்சின் திசையை எளிதில் மாற்றவிடாது. வளைவில் பைக்கைச் சாய்க்க வீரர் கூடுதலாக முயல வேண்டியிருக்கும். மேடுபள்ளத்தில் ஏறி இறங்கும் சக்கரம் இலேசாக இருந்தால் தரையை விட்டு விலகாமல் ஒட்டி ஓடும்.

வகுப்பில் இரண்டு செயல்பாடுகள்

ஒன்று: சாய்த்து வைத்த பலகையின் மேலிருந்து ஒரு வளையலையும் ஒரு நாணயத்தையும் ஒரே நேரத்தில் உருட்டிவிடுங்கள். நாணயம் முந்தும். வளையலின் நிறை முழுவதும் விளிம்பில் இருப்பதே காரணம். இதை ஆறாம் வகுப்பிலும் செய்யலாம். விளக்கம் மட்டும் வகுப்புக்கு ஏற்ப மாறட்டும்.

இரண்டு: சைக்கிளின் முன்சக்கரத்தைக் கழற்றி, அச்சின் இரு முனைகளையும் ஒரு மாணவர் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் வேகமாகச் சுற்றிவிடட்டும். சுழலும் சக்கரத்தைச் சாய்த்துப் பார்த்தால் அது கையை மீறித் திரும்புவதை உணரலாம். கம்பிகளுக்குள் விரல் போகாமல் ஆசிரியர் அருகில் நிற்க வேண்டும்.

சாலைக்கு ஒரு கணக்கு

கடைசியாக இந்தக் கணக்கைக் கொடுக்கிறேன். உலர்ந்த தார்ச்சாலையில் எதிர்முடுக்கம் 7 மீ/வி² என்றும், பிரேக் பிடிக்கும் முன் ஒரு நொடி கழிகிறது என்றும் கொள்வோம். 30 கி.மீ. வேகத்தில் அந்த நொடியில் 8 மீட்டரும், பிரேக் பிடித்த பின் 5 மீட்டரும் ஆக 13 மீட்டர். 60 கி.மீ. வேகத்தில் 17 மீட்டரும் 20 மீட்டரும் ஆக 37 மீட்டர். வேகம் இரு மடங்கானால் பிரேக் தூரம் நான்கு மடங்காகிறது. எவ்வளவு விலை உயர்ந்த பிரேக்காலும் இந்த விதியை மாற்ற முடியாது.

விடையை நோட்டில் எழுதியதோடு விடாமல், பள்ளி மைதானத்தில் 13 மீட்டரையும் 37 மீட்டரையும் சுண்ணாம்பால் குறித்து மாணவர்களை நடந்து பார்க்கச் சொல்லுங்கள். பள்ளி வாசலில் சாலையைக் கடக்கும் ஒரு குழந்தை முதல் கோட்டுக்கும் இரண்டாம் கோட்டுக்கும் இடையில் நின்றால் என்ன ஆகும் என்று கேளுங்கள். பதிலை நாம் சொல்ல வேண்டியதில்லை.